கல்ச்சர் ரிப்போர்ட்டை இஎம்ஆருக்கு அனுப்புவது: புதிதாக இணைப்பு எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

ரத்தச் சர்க்கரை ரிப்போர்ட் என்பது ஒரு பெயர், ஒரு எண், ஒரு அலகு. அதை ஆய்வகத்திலிருந்து மருத்துவமனையின் மின்னணுப் பதிவுக்கு (இஎம்ஆர்) அனுப்பப் பழகியவர்கள் கல்ச்சரையும் (சாம்பிளில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அப்படியே அனுப்பிவிடலாம் என்று நினைத்துத்தான் முதலில் சறுக்குகிறார்கள். ஒரு யூரின் சாம்பிளில் இரண்டு கிருமிகள் வளரலாம். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து, இருபது மருந்துகளின் சென்சிட்டிவிட்டி (எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பது) இருக்கும். முடிவு ஒரே நாளில் வராது. முதல் நாள் ஒன்று, மறுநாள் ஒன்று, அதற்கடுத்த நாள் திருத்தம் ஒன்று என்று வரும். எந்த மருந்தின் முடிவு எந்தக் கிருமிக்கு உரியது என்ற இணைப்பு வழியில் அறுந்தால், வார்டில் இருக்கும் டாக்டர் ஒரு கிருமிக்கான ரிப்போர்ட்டைப் பார்த்து இன்னொரு கிருமிக்கு மருந்து எழுதுவார். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எல்லாமே அந்த இணைப்பை அறாமல் கொண்டுசேர்ப்பதற்கான வேலைதான்.

மருத்துவ மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் தரம் எச்எல்7. மருத்துவமனைகளுக்குள் இன்றும் பெரும்பாலும் ஓடுவது அதன் பதிப்பு 2 செய்திகள். எனவே பதிப்பு 2.5.1-ஐ வைத்தே சொல்கிறோம். எச்எல்7-இன் புதிய வடிவமான ஃபயரைப் பற்றிக் கடைசியில் சிறிது.

நிரல் எழுதும் முன்: ஒரு தாள், மூன்று பட்டியல்

மைக்ரோபயாலஜி லேபில் போய் உட்காருங்கள். சாம்பிள் வருவதில் தொடங்கி ரிப்போர்ட் கையெழுத்தாவது வரை என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். கருவி எது, அது லேப் மென்பொருளுடன் எப்படிப் பேசுகிறது, எந்த இடத்தில் மனிதர் தட்டச்சு செய்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கிருமியை அடையாளம் கண்டு மருந்துகளைச் சோதிக்கும் வைடெக் 2, ஃபீனிக்ஸ் போன்ற கருவிகள் லேப் மென்பொருளுக்குத்தான் தரவு தர வேண்டும். அங்கே மைக்ரோபயாலஜிஸ்ட் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே இஎம்ஆருக்குப் போக வேண்டும். கருவியிலிருந்து நேராக இஎம்ஆருக்குக் குழாய் போட யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். எந்த மருந்தின் முடிவை டாக்டருக்குக் காட்டுவது, எதை மறைப்பது என்ற முடிவு லேபில்தான் எடுக்கப்படுகிறது. குழாய் அதைத் தாண்டிப் போய்விடும்.

பிறகு மூன்று பட்டியல்களைக் கேட்டு வாங்குங்கள்: லேப் செய்யும் கல்ச்சர் வகைகள், லேப் மென்பொருளில் உள்ள கிருமிப் பெயர்கள், மருந்துப் பெயர்கள். கிருமிப் பட்டியலில் ஒரே கிருமி நான்கைந்து எழுத்துக்கூட்டலில் இருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் குறியீடு போட ஆரம்பிக்காதீர்கள்.

குறியீடுகள்

உலகப் பொதுக் குறியீட்டுப் பட்டியல்கள் இரண்டு வேண்டும்: சோதனைக்கு லாயிங்க், விடைக்கு ஸ்னோமெட் சிடி. இப்படி நினைவில் வைத்தால் போதும்: கேள்வி லாயிங்க், பதில் ஸ்னோமெட். "யூரின் கல்ச்சரில் வளர்ந்த பாக்டீரியா எது" என்ற கேள்விக்கு 630-4. ரத்தக் கல்ச்சருக்கு 600-7. கிராம் ஸ்டெயினில் (சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது) தெரிந்தது எது என்பதற்கு 664-3. பதிலில் எஷெரிக்கியா கோலை என்றால் 112283007, கிளெப்சியெல்லா நிமோனியே என்றால் 56415008, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் 3092008. சாம்பிள் வகைக்கும் ஸ்னோமெட்டே: யூரின் 122575003, ரத்தம் 119297000.

இரண்டுக்கும் கட்டணம் இல்லை. லாயிங்க் உலகம் முழுவதும் இலவசம். ஸ்னோமெட்டுக்கு இந்தியா 2014-இல் உறுப்பு நாடானதால் இங்கே பதிவு செய்துகொண்டு இலவசமாகப் பயன்படுத்தலாம். 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட மின்னணு சுகாதாரப் பதிவுத் தரநிலைகளும் இவ்விரண்டையே சொல்கின்றன.

மருந்துகளில்தான் குறியீட்டுத் தவறு அதிகம். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு முறையைக் குறிப்பிடாத குறியீடு 18906-8. எம்ஐசி முறைக்கென்றே (கிருமி வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவை அளப்பது) உள்ளது 185-9. டிஸ்க் முறைக்கு (மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை அளப்பது) வேறு குறியீடு. இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்யாதீர்கள். டிஸ்க் முறையில் வளைய விட்டம் மில்லிமீட்டரில் வரும். பெரிய எண் நல்ல செய்தி. எம்ஐசியில் சிறிய எண்தான் நல்ல செய்தி. 28 மி.மீ. வளையத்தை எம்ஐசி குறியீட்டின் கீழ் அனுப்பினால், நன்றாகக் கேட்கும் மருந்து சுத்தமாகக் கேட்காத மருந்தாகத் திரையில் நிற்கும்.

குறியீட்டுப் பட்டியலை எக்செலில் வைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஆம்பிசிலின் எம்ஐசியின் லாயிங்க் குறியீடு 28-1. அதைச் சாதாரணக் கட்டத்தில் தட்டினால் எக்செல் அதை ஜனவரி 28 ஆக்கிவிடும். ஸ்னோமெட் குறியீடு 18 இலக்கம் வரை நீளலாம். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வருவதைச் சுழியமாக்கிவிடும். முதலிலேயே நெடுவரிசையை 'எழுத்து' வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இரண்டு குறியீட்டு முறைகளிலும் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், பட்டியலை ஏற்றும்போதே அதைக் கணக்கிட்டுப் பார்க்கும் சிறு நிரல் ஒன்றை எழுதிவிடுங்கள். தட்டச்சுப் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

ஸ்னோமெட் குறியீட்டை அனுப்பும்போது லேபின் சொந்தக் குறியீட்டையும் பெயரையும் கூடவே அனுப்புங்கள். செய்தியில் குறியீடு வரும் புலத்தில் (ஒரு தகவலுக்கான கட்டம்) முதல் மூன்று துண்டுகள் தரக் குறியீட்டுக்கு, அடுத்த மூன்று உள்ளூர்க் குறியீட்டுக்கு. கிருமிகளின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். என்டெரோபாக்டர் ஏரோஜெனிஸ் 2017-இல் கிளெப்சியெல்லா ஏரோஜெனிஸ் ஆனது. லேப் அன்று எந்தப் பெயரில் ரிப்போர்ட் தந்தது என்பது பதிவில் அழியாமல் இருக்க வேண்டும்.

செய்தியின் உடல்: தாயும் பிள்ளையும்

இதை நிதானமாகப் படியுங்கள். பாதி வேலை இங்கேதான்.

முடிவுச் செய்தியின் பெயர் ஓஆர்யூ ஆர்01. அதில் நோயாளி விவரம் பிஐடி பகுதியில், சோதனைத் தலைப்பு ஓபிஆர் பகுதியில், ஒவ்வொரு முடிவும் ஒரு ஓபிஎக்ஸ் பகுதியில், சாம்பிள் விவரம் எஸ்பிஎம் பகுதியில் இருக்கும். யூரின் கல்ச்சரில் இரண்டு கிருமிகள் வளர்ந்த உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

முதல் ஓபிஆர் தாய். அதன் நான்காம் புலத்தில் 630-4. அதன் கீழ் வரும் ஓபிஎக்ஸ்களில் முதல் கிருமி எஷெரிக்கியா கோலை. அதன் ஓபிஎக்ஸ்-4 புலத்தில் 1. இரண்டாம் கிருமி கிளெப்சியெல்லா. ஓபிஎக்ஸ்-4 புலத்தில் 2. இந்த எண்தான் கிருமியின் அடையாள எண், ஐசோலேட் எண். காலனி எண்ணிக்கையும் (கிருமி எவ்வளவு வளர்ந்தது என்பது) கிருமிக்கு உரியதுதான். எனவே அது தனி ஓபிஎக்ஸாக, அதே எண்ணைத் தாங்கி வர வேண்டும்.

அடுத்து, கிருமிக்கு ஒன்றாகப் பிள்ளை ஓபிஆர்கள். நான்காம் புலத்தில் சென்சிட்டிவிட்டி தொகுப்பின் குறியீடு 29576-6. பிள்ளை தன் தாயை இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும். ஓபிஆர்-29 புலத்தில் தாய் ஓபிஆரின் ஆர்டர் எண்கள். ஓபிஆர்-26 புலத்தில் தாய் ஓபிஎக்ஸின் குறியீடு, அதன் ஐசோலேட் எண், கிருமியின் பெயர்: அதாவது 630-4, பிறகு 1, பிறகு எஷெரிக்கியா கோலை. இதற்குக் கீழேதான் மருந்துகளின் ஓபிஎக்ஸ்கள் வரிசையாக வர வேண்டும்.

ஓபிஆர்-29 மட்டும் இருந்தால் எந்தக் கல்ச்சர் என்று தெரியும். எந்தக் கிருமி என்று தெரியாது. பலர் இங்கே ஓபிஆர்-26-ஐக் காலியாக விட்டுவிட்டு, "வரிசைப்படிதானே வருகிறது, இஎம்ஆர் புரிந்துகொள்ளும்" என்பார்கள். ஒற்றைக் கிருமி வளரும் வரை அது வேலை செய்வதுபோலவே தெரியும். இரண்டு கிருமி வளரும் முதல் நாளில் உடையும்.

கிருமியின் பெயரை மட்டும் வைத்து இணைக்கும் நிரலும் உண்டு. அதுவும் ஆபத்து. ஒரே சாம்பிளில் இரண்டு விதக் காலனியாக வளர்ந்த இரண்டு எஷெரிக்கியா கோலை இருக்கலாம். ஒன்றுக்குச் செஃப்ட்ரியாக்ஸோன் கேட்கும், மற்றதற்குக் கேட்காது. பெயர் ஒன்று, ஐசோலேட் எண் வேறு. இணைப்பு எண்ணை வைத்தே நடக்க வேண்டும்.

ஒரு விதியை மாற்றவே கூடாது: ஒருமுறை கொடுத்த ஐசோலேட் எண் கடைசிவரை அதே கிருமிக்கு உரியது. முதல் கிருமி வெளியிலிருந்து கலந்தது என்று மறுநாள் தெரிந்து நீக்கினால், இரண்டாம் கிருமியை ஒன்றாக்கக் கூடாது. ஒன்று காலியாகவே இருக்கட்டும். எண்ணை இழுத்து நகர்த்தினால், இஎம்ஆரில் ஏற்கெனவே ஒன்றின் கீழ் கிடக்கும் பழைய மருந்து முடிவுகள் புதிய கிருமியோடு ஒட்டிக்கொள்ளும்.

மருந்து முடிவில் இரண்டு செய்தி

ஒவ்வொரு மருந்துக்கும் எண், விளக்கம் என்று இரண்டு உண்டு. எம்ஐசி மதிப்பு ஓபிஎக்ஸ்-5 புலத்தில். எஸ் (கேட்கும்), ஐ (இடைநிலை), ஆர் (கேட்காது) என்ற விளக்கம் ஓபிஎக்ஸ்-8 புலத்தில்.

கருவி தரும் எண் வெறும் எண்ணாக வராது; "<=0.25", ">=4" என்று வரும். இதை எண் வகையில் அனுப்பினால் குறி உதிர்ந்து 0.25 மட்டும் மிஞ்சும். எழுத்து வகையில் அனுப்பினால் பின்னால் கணக்கிட முடியாது. இதற்கென்றே எஸ்என் என்ற வகை இருக்கிறது: முதல் துண்டில் குறி, இரண்டாம் துண்டில் எண். இஎம்ஆர் திரை வலைப்பக்கமாக இருந்தால் "<" குறியை அது நிரல் குறியாக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடக்கூடும். சோதனையில் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

எஸ், ஐ, ஆர் விளக்கத்தை இஎம்ஆர் தானாகக் கணக்கிட விடாதீர்கள். காரணம், இந்த மூன்றையும் பிரிக்கும் எல்லைக்கோடு ஆண்டுதோறும் திருத்தத்துக்கு உள்ளாகிறது. எஷெரிக்கியா கோலைக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் எம்ஐசி 0.5 என்று வைத்துக்கொள்வோம். 2018 வரை சிஎல்எஸ்ஐ என்ற அமெரிக்க அமைப்பின் தரப்படி அது எஸ். 2019-இல் எல்லை மாறியது: 0.25 வரை எஸ், 0.5 ஐ, 1 முதல் ஆர். அதே எண்ணுக்கு இப்போது ஐ. யூகாஸ்ட் என்ற ஐரோப்பியத் தரத்தில் ஐ என்ற எழுத்துக்கு 2019 முதல் பொருளே வேறு: அதிக அளவு மருந்து கொடுத்தால் கேட்கும் என்பது. ஆகவே எந்தத் தரம், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதை என்டிஇ என்ற குறிப்புப் பகுதியிலாவது செய்தியோடு சேர்த்து அனுப்புங்கள்.

செஃபெபிமுக்கு 2014 முதல் சிஎல்எஸ்ஐ எஸ்டிடி என்றொரு வகை வைத்திருக்கிறது. அளவைப் பொறுத்துக் கேட்கும் என்று பொருள். பதிப்பு 2.5.1-இன் பட்டியலில் அந்த எழுத்து இல்லை. இஎம்ஆர் தரப்புடன் முன்கூட்டியே பேசிச் சேர்க்காவிட்டால், அறிமுகமில்லாத குறி என்று தள்ளிவிடும், அல்லது அதைவிட மோசமாக வெறுமையாகக் காட்டும். கோலிஸ்டினுக்கு 2020 முதல் சிஎல்எஸ்ஐயில் எஸ் என்பதே கிடையாது, ஐயும் ஆரும் மட்டும்தான். ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று எழுத்தும் இருக்கும் என்று எழுதிய நிரல் இங்கே தடுமாறும்.

கோட்ரைமாக்சசோல் போன்ற கூட்டு மருந்தில் இன்னொரு பொறி. சிஎல்எஸ்ஐ அட்டவணை 2/38 என்று இரு மருந்தையும் தனித்தனியே எழுதும். வைடெக் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும். அங்கே 20 என்பது 1/19. இது தெரியாத ஒருவர் அட்டவணையோடு ஒப்பிட்டால், கேட்கும் மருந்தைக் கேட்காத மருந்து என்று முடிவு கட்டிவிடுவார்.

லேப் மறைத்து வைக்கும் மருந்துகள் இஎம்ஆருக்குப் போகவே கூடாது. "அனுப்பிவிட்டுத் திரையில் மறைத்துக்கொள்ளலாம்" என்ற யோசனை எப்போதும் ஏதாவது ஓர் அச்சுப் பக்கத்தில் வெளியே வந்துவிடும். டாக்டர் கேட்டு, லேப் ஒரு மருந்தைத் திறந்துவிட்டால், அதே ஐசோலேட் எண்ணின் கீழ் அது சேர்ந்து போக வேண்டும்.

நாள்கணக்கில் வரும் ரிப்போர்ட்

ரத்தக் கல்ச்சர் பாட்டில் பொதுவாக ஐந்து நாள் கருவியில் இருக்கும். இடையில் "48 மணி நேரம், வளர்ச்சி இல்லை" என்று முதல்நிலை ரிப்போர்ட் போயிருக்கும். மூன்றாம் நாள் பாட்டில் பாசிட்டிவ் ஆகும். கிராம் ஸ்டெயின், பிறகு கிருமியின் பெயர், பிறகு சென்சிட்டிவிட்டி. ஒவ்வொன்றும் ஒரு செய்தி. ஓபிஎக்ஸ்-11 புலத்தில் முதல்நிலை என்றால் பி, இறுதி என்றால் எஃப், திருத்தம் என்றால் சி, நீக்கம் என்றால் டி. முழு ஆர்டரின் நிலை ஓபிஆர்-25 புலத்தில்.

ஒவ்வொரு முறையும் அதுவரை உள்ள எல்லா முடிவுகளையும் சேர்த்து முழுதாக அனுப்புவதே பாதுகாப்பு. புதியதை மட்டும் அனுப்பினால், நடுவில் ஒரு செய்தி தொலைந்தாலும் படம் முழுமையாகாது. அப்படி முழுதாக அனுப்பும்போது கிராம் ஸ்டெயின் முடிவை விட்டுவிடாதீர்கள். கிருமியின் பெயர் வந்ததும் அது தேவையில்லை என்று சிலர் எடுத்துவிடுகிறார்கள். ஸ்டெயினில் இரண்டு விதக் கிருமி தெரிந்து கல்ச்சரில் ஒன்று மட்டும் வளர்ந்தால், அந்த முரண்பாடே டாக்டருக்குத் தேவையான செய்தி.

"வளர்ச்சி இல்லை" என்பதும், "பல கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மீண்டும் சாம்பிள் அனுப்பவும்" என்பதும் முடிவுகள்தான். அவற்றைக் குறிப்பில் எழுதாமல் ஓபிஎக்ஸ்-5 புலத்தில் குறியீட்டோடு அனுப்புங்கள். முடிவுப் புலம் காலியாக இருந்தால் சில இஎம்ஆர்கள் ஆர்டரை இன்னும் நிலுவையில் இருப்பதாகவே காட்டும்.

செய்திகள் வரிசை மாறி வரலாம். இணைப்பு எஞ்சினில் (இரு மென்பொருள்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் நிரல்) ஒரே நேரத்தில் பல செய்திகளை அனுப்பும் வசதியை இயக்கினால், நேற்றைய முதல்நிலை ரிப்போர்ட் இன்றைய இறுதி ரிப்போர்ட்டின் மேல் வந்து உட்காரும். ஒரு லேப் எண்ணுக்குரிய (சாம்பிளுக்கு லேப் கொடுக்கும் எண்) செய்திகள் ஒரே வரிசையில் போக வேண்டும். பெறுபவரும் ஓபிஆர்-22 புலத்தில் உள்ள, ரிப்போர்ட் வெளியான நேரத்தை ஒப்பிட்டுப் பழையதை ஒதுக்க வேண்டும். நேரங்களில் இந்திய நேரத்துக்கான +0530 சேர்த்தே அனுப்புங்கள்.

காசநோய்க் கல்ச்சர் எம்ஜிஐடி என்ற திரவ ஊடக முறையில் 42 நாள் வரை வைக்கப்படும். 30 நாளில் ஆர்டரைத் தானாக மூடும் இஎம்ஆர் அமைப்பு இருந்தால், அந்தப் பாசிட்டிவ் முடிவு வாசலிலேயே திரும்பிப் போகும். இது எல்லா இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி. அதேபோல, ரிப்போர்ட் வரும் நேரத்தில் நோயாளி வார்டு மாறியிருப்பார், வீட்டுக்கே போயிருப்பார். படுக்கை எண்ணை வைத்துப் பொருத்தாமல், மருத்துவமனை அடையாள எண்ணையும் ஆர்டர் எண்ணையும் வைத்துப் பொருத்துங்கள். வீட்டுக்குப் போனவரின் முடிவு எந்த டாக்டரின் கண்ணில் படும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாம்பிள்

எஸ்பிஎம் பகுதியைப் பலர் கடமைக்கு நிரப்புகிறார்கள். ரத்தக் கல்ச்சர் இரண்டு செட் எடுக்கிறார்கள் என்றால் ஒவ்வொரு செட்டுக்கும் தனி லேப் எண், எடுத்த இடம், எடுத்த நேரம் வேண்டும். தோலில் இயல்பாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஒரு செட்டில் மட்டும் வளர்ந்தால் கலப்படமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் வளர்ந்தால் கவலைப்பட வேண்டும். இஎம்ஆர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து காட்டினால், கலப்படமா, உண்மையான தொற்றா என்று பிரித்துப் பார்க்க டாக்டருக்கு வழியே இல்லை. யூரினுக்கும் நடுச்சிறுநீரா, கதீட்டர் வழியா என்பது காலனி எண்ணிக்கைக்குப் பொருள் தருகிறது.

குழாய்

செய்தி போகும் வழி எம்எல்எல்பி; செய்தியின் தொடக்கத்தையும் முடிவையும் குறியிட்டு அனுப்பும் முறை. தொடக்கத்தில் பைட் 11, முடிவில் 28, 13. பகுதிகளுக்கிடையே 13 மட்டும். கூடவே 10 சேர்ந்து வந்தால் சில பெறுநர்கள் திணறும். லேப் குறிப்பில் யாராவது என்டர் விசையைத் தட்டியிருந்தால் அது செய்தியை நடுவில் உடைக்கும். ஒவ்வொரு வரியையும் தனி என்டிஇ ஆக்குங்கள். குறிப்பில் வரும் &, ^, | குறிகளுக்கு மாற்றுக்குறி போடுங்கள். மைக்ரோகிராம் அலகில் கிரேக்க மியூ எழுத்து சிதைந்து கேள்விக்குறியாகும். யூகம் (UCUM) என்ற அலகுக் குறியீட்டு முறையில் அதற்குப் பதில் ஆங்கில யூ (u) எழுத்துதான்.

பெறுநரிடமிருந்து ஏஏ என்று பதில் வந்தால் செய்தி ஏற்கப்பட்டது என்று மட்டுமே பொருள். அது சரியான நோயாளியின் திரையில் சரியாகத் தெரிகிறது என்று பொருளல்ல. ஏஇ (பிழை), ஏஆர் (நிராகரிப்பு) பதில்கள் குவியும் வரிசையை நாள்தோறும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். அந்த ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும்; "ஐடி துறை" என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

பாசிட்டிவ் ரத்தக் கல்ச்சருக்கு வார்டுக்கு ஃபோன் செய்வது இணைப்பு வந்த பிறகும் தொடர வேண்டும். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்பதை என்டிஇ குறிப்பாகச் சேர்த்தால் போதும்.

ஃபயர் பற்றி

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் ஃபயர் ஆர்4 வடிவத்தைக் கேட்கிறது. அங்கே பிடிஎஃப் கோப்பை இணைத்தும் ரிப்போர்ட்டைப் பகிரலாம் என்பதால் பலர் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. கிருமிக்கு ஓர் அப்சர்வேஷன் (ஒரு முடிவுக்கான பதிவு), ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் அப்சர்வேஷன், மருந்து தன் கிருமியைச் சுட்ட வேண்டும், எல்லாவற்றையும் டயக்னாஸ்டிக் ரிப்போர்ட் தாங்க வேண்டும். மேலே சொன்ன தாய் பிள்ளை உறவு சரியாக இருந்தால் இந்த மாற்றம் ஒரு வார வேலை. அங்கே உறவு இல்லையென்றால் இங்கே அதை யாராலும் கண்டுபிடித்துப் போட முடியாது.

திறப்பதற்கு முன்

சோதனைக்கு இந்த ரிப்போர்ட்கள் கட்டாயம்: வளர்ச்சி இல்லை, ஒரு கிருமி, இரண்டு வேறு கிருமிகள், ஒரே பெயரில் இரண்டு ஐசோலேட், சென்சிட்டிவிட்டி இல்லாத கிருமி, கிருமியின் பெயர் திருத்தம், முதல் ஐசோலேட் நீக்கம், ஆர் என்பது எஸ் ஆக மாறிய திருத்தம், 42 நாள் கல்ச்சர், நடுவில் இரண்டு அடையாள எண்கள் ஒன்றாக இணைக்கப்பட்ட நோயாளி. ஒவ்வொன்றையும் செய்திப் பதிவில் பார்த்தால் போதாது; வார்டில் டாக்டர் பார்க்கும் அதே திரையில், கைப்பேசித் திரையில், டிஸ்சார்ஜ் சம்மரி அச்சில் பாருங்கள். கைப்பேசியில் அட்டவணை ஒடுங்கும்போது இரண்டாம் கிருமியின் தலைப்பு காணாமல் போவதைப் பலமுறை பார்க்கலாம்.

திறந்த பிறகு இரண்டு வாரம் காகித ரிப்போர்ட்டும் ஓடட்டும். மைக்ரோபயாலஜிஸ்ட் தினமும் இருபது ரிப்போர்ட்டை, அதில் இரண்டு கிருமி வளர்ந்தவை அனைத்தையும், இஎம்ஆர் திரையோடு வரிக்கு வரி ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒரு மருந்து இடம் மாறியிருந்தாலும் இணைப்பை நிறுத்திவிட்டு, அதுவரை போன இரண்டு கிருமி ரிப்போர்ட்கள் எல்லாவற்றையும் பட்டியலெடுத்து, அந்தந்த வார்டுக்கு அன்றே ஃபோன் செய்யுங்கள். ஆண்டுதோறும் சிஎல்எஸ்ஐ பதிப்பு மாறும்போதும், கருவியில் புதிய மருந்து அட்டை வரும்போதும் இதே சோதனை ரிப்போர்ட்களை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அந்தக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள்.